ஊருக்கெல்லாம் பொருந்திய ரத்தம்

சோலைராஜுக்கு ரத்தப் புற்று என்பதை டாக்டர் நப்பின்னை தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தாள். கேட்டுக்கொண்டிருந்த சோலைராஜோ சிரித்தார்.

"நல்லாப் பாருங்க டாக்டரம்மா. நம்ம ரத்தம்தான் ஊர் உலகமெல்லாம் ஓடுதே. வேற யாரோ ஒருத்தரோடது மாறி வந்திருக்கும்."

மாறி வரவில்லை. நப்பின்னையே ஊசி குத்தி எடுத்த ரத்தம் அது. ஆனாலும் அவர் சொன்னதை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. உலகத்தில் இன்று சோலைராஜின் ரத்தம் ஓடாத நாடு இல்லை.

சோலைராஜ் விருதுநகரில் மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். பதினைந்து வருடங்களுக்கு முன்னால் அவர் மனைவி ஜெயரூபாவின் தம்பி ஜெயசீலனுக்கு ரத்தப் புற்று வந்தது. எலும்புக்குள் ரத்தம் ஊற வைக்கும் ஸ்டெம் செல்லை யாராவது தர வேண்டும். அக்காவினுடையது தம்பிக்குப் பொருந்தவில்லை. கூடத் துணைக்கு வந்திருந்த சோலைராஜ், "சும்மாதானே உக்காந்திருக்கேன், என்னதையும் பாருங்களேன்" என்று கையை நீட்டினார். அப்போது புதிதாகச் சேர்ந்திருந்த ஆராய்ச்சியாளர் நப்பின்னை, மனுஷன் மனம் கோணக் கூடாதே என்றுதான் எடுத்துப் பார்த்தாள். கணக்குப்படி பொருந்தவே இல்லை. ஆனால் ஆய்வுக்கூடத்தில் யாருடைய செல்லோடு சேர்த்து விட்டாலும் சோலைராஜின் செல்கள் சண்டை போடவில்லை.

இது லேசான விஷயமில்லை. ஒருவர் உடம்புக்குள் ஏற்றப்படும் இன்னொருவரின் செல்கள், போன இடத்தில் தோலோடும் ஈரலோடும் குடலோடும் மல்லுக்கு நிற்கும். பாதிப் பேர் நோயில் தப்பி இந்தச் சண்டையில் மாட்டிக்கொள்வார்கள். சோலைராஜின் செல்களோ, விசேஷ வீட்டுக்கு வந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தி பரிமாறப் போகும் ஆளைப் போல நடந்துகொண்டன. புற்றை மட்டும் விரட்டின. மற்ற யாரையும் தொந்தரவு செய்யவில்லை.

ஜெயசீலன் பிழைத்தார். அந்தச் செல்களைத் தொட்டியில் வளர்த்துப் பெருக்கும் வித்தையை நப்பின்னை கண்டுபிடித்தாள். ஒரு மனிதரின் ரத்தம் ஆயிரக்கணக்கானவர்களைப் பிழைக்க வைத்தது. அவளுக்கு விருதுகள் வந்தன, சோலைராஜுக்குச் சொந்தக்காரர்கள் வந்தார்கள்.

எப்படிப்பட்ட சொந்தக்காரர்கள்! பிழைத்தவர்களின் வீட்டில் காதுகுத்து என்றால் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள சோலைராஜ் வர வேண்டும். தாய்மாமனை நிற்க வைத்துவிட்டு அவருக்கு நாற்காலி போட்டார்கள். பிழைத்த பையன் ஒருவனும் பிழைத்த பெண் ஒருத்தியும் காதலித்தபோது, ஒரே ரத்தமாச்சே, அண்ணன் தங்கச்சி ஆகாதா என்று பையனின் அம்மா பந்தக்காலையே பிடுங்கப் போய்விட்டாள். ரத்தம்தான் ஒன்று, பெற்றவர்கள் வேறு வேறு என்று நப்பின்னை நேரில் போய் விளக்கிய பிறகுதான் தாலி ஏறியது. ஒரு முறை சேலத்தில் பூட்டு உடைத்த இடத்தில் சிந்தியிருந்த ரத்தத்தைச் சோதித்துவிட்டு, போலீஸ் விருதுநகர் வந்து சோலைராஜைப் பிடித்தது. திருட்டு நடந்த நேரத்தில் அவர் ஊரே கேட்கும்படி மைக்கில் பேசிக்கொண்டிருந்ததால் தப்பித்தார்.

மைக் கையில் கிடைத்தால் அவரால், மாப்பிள்ளை என்று கூப்பிடும் மைத்துனர் ஜெயசீலனைக் கேலி செய்யாமல் இருக்க முடியாது. "மைக் டெஸ்ட், மைக் டெஸ்ட். சிவகாசியிலிருந்து வருகை தந்திருக்கும் என் அருமை மாப்பிள்ளை ஜெயசீலன் அவர்களே! தங்கள் உடம்பில் ஓடுவது அனைத்தும் நம்ம கம்பெனி தயாரிப்பு. கொசு கடித்தால் கூட எனக்குத்தான் நஷ்டம்." பந்தல் சிரிக்கும். ஜெயசீலன் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். பந்தியில் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். மச்சானும் கூடவே வருவார் என்பதாலேயே மறுபரிசோதனைக்குக் கூட அவர் பல வருடங்களாக வருவதில்லை.

இப்போது அதே சோலைராஜ், நப்பின்னையின் அறையில் உட்கார்ந்து வைத்தியத்துக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

"உங்க ஃப்ரீசர்ல நம்ம சரக்குதானே அடுக்கி வச்சிருக்கீங்க. ஒரு பாக்கெட்டைப் பிரிச்சு ஏத்திவிடுங்க. வேலை முடிஞ்சுது."

"அதுதான் முடியாது."

"ஊருக்கெல்லாம் முடியுது. எனக்கு முடியாதா?"

"உங்களுக்கு மட்டும்தான் முடியாது. மத்தவங்களுக்கு நாங்க மருந்து கொடுத்து எலும்பு மஜ்ஜையைத் துடைச்சுடுவோம். ஆனா எந்த மூலையிலயாவது நாலு புற்றுச் செல் ஒளிஞ்சிருக்கும். புதுசா உள்ள போற உங்க செல் அதைப் பார்த்து, 'யார்றா இவன், நம்ம ஆளு இல்லையே'ன்னு பிடிச்சு வெளியே தள்ளும். நோய் குணமாகிறதே அதனாலதான். உங்க புற்று உங்க செல்லுல இருந்து வந்தது. உங்க செல்லையே திரும்ப ஏத்தினா, 'அட, நம்ம பய'ன்னு தோள்ல கையைப் போட்டுக்கும்."

சோலைராஜ் யோசித்தார். "என் குணம் அப்படியே வந்திருக்கு. சரி, வேற ஒருத்தரோடதை ஏத்துங்க."

நப்பின்னையால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. முன்பெல்லாம் லட்சக்கணக்கானவர்கள், யாருக்காவது பொருந்தட்டும் என்று ஸ்டெம் செல் தானத்துக்குப் பெயர் கொடுத்து வைத்திருந்தார்கள். சோலைராஜ் இருக்கும்போது மற்றவர்கள் எதற்கு என்று நாடு நாடாக அந்த ஏற்பாட்டை மூடிவிட்டார்கள். மூடலாம் என்று மேடையேறிப் பேசியவர்களில் நப்பின்னையும் ஒருத்தி. சோலைராஜுக்குக் கூடப்பிறந்தவர்களும் இல்லை, பிள்ளைகளும் இல்லை.

"தேடிப் பார்க்கிறோம்" என்றாள். அந்தப் பொய் அவளுக்கே பிடிக்கவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. ஃப்ரீசரில் இருக்கும் செல் பிறந்த வீட்டை விட்டு வெளியே போகாதது. ஆனால் பிழைத்தவர்களின் எலும்புக்குள் இருக்கும் செல்கள் வேறு வீட்டில் வாழ்ந்து பழகியவை. பெண்ணைக் கட்டிக் கொடுத்த மாதிரி. நப்பின்னையே அம்மா வீட்டுக்குப் போனால் முதல் வேலையாக ஃப்ரிட்ஜைத் திறந்து, "என்னம்மா இது, இப்படியா போட்டு வச்சிருப்ப?" என்று கேட்கிறவள்தான். கல்யாணத்துக்கு முன்பு அதே ஃப்ரிட்ஜ் அவள் கண்ணை உறுத்தியதே இல்லை. புகுந்த வீட்டில் பழகிய செல் ஒன்று பிறந்த வீட்டுக்குத் திரும்பினால், மூலையில் கிடக்கும் அழுக்கு அதன் கண்ணில் பட்டுவிடாதா?

பிழைத்தவர்களுக்கெல்லாம் செய்தி போனது. பஸ் பிடித்தும் விமானம் ஏறியும் வந்து ரத்தம் கொடுத்தார்கள். ஜெயசீலனும் வந்தார். யாரிடமும் பேசாமல் கையை நீட்டினார், பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

அத்தனை பேர் ரத்தத்தையும் தனித்தனியாக சோலைராஜின் புற்றுச் செல்களோடு சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். எல்லாமே பக்கத்தில் போய் நின்று குசலம் விசாரித்துவிட்டுத் திரும்பின. ஒரே ஒருவரின் ரத்தம் மட்டும் புற்றைக் கண்டதும் பாய்ந்தது. அது ஜெயசீலனுடையது.

நப்பின்னைக்கு ஒரே சந்தோஷம். முதன்முதலில் கட்டிக் கொடுத்த பெண்ணல்லவா, புகுந்த வீட்டுப் பழக்கம் நன்றாகப் படிந்துவிட்டது என்று தன் யோசனையைத் தானே மெச்சிக்கொண்டாள். ஜெயரூபாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். சொல்ல வேண்டிய இன்னொன்றையும் சொன்னாள்.

"செல்லை எடுக்கறதுக்கு முன்னாடி உங்க தம்பிக்குச் சில நாள் ஊசி போடணும். மஜ்ஜையில தூங்கிட்டிருக்கிற செல்லையெல்லாம் எழுப்பி ரத்தத்துக்குக் கொண்டுவர ஊசி. அவரோட பழைய நோய் எங்கேயாவது மிச்சம் தூங்கிட்டிருந்தா, அதுவும் எந்திரிக்கலாம். எந்திரிக்காமலும் போகலாம். எனக்கு நிச்சயமாத் தெரியாது."

ஜெயரூபா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"அவன்கிட்ட யாரு கேப்பா?"

"நீங்க கேட்டா நல்லாருக்கும்னு..."

"நான் கேக்க மாட்டேன்."

"உங்க வீட்டுக்காரருக்காக."

"நான் கேட்டா அவன் மாட்டேன்னு சொல்லவே மாட்டான் டாக்டர். அதனாலதான் கேக்க மாட்டேன்." நப்பின்னை அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேருமே அழுதார்கள்.

அதற்குள் அலுவலகத்தில் ஒரு பிசகு நடந்துவிட்டது. ரிசப்ஷன் பெண் வழக்கம்போல ஜெயசீலனுக்கு போன் போட்டு, "சார், உங்க சாம்பிள் செலக்ட் ஆயிருக்கு. திங்கட்கிழமை வெறும் வயித்துல வந்துடுங்க" என்று சொல்லியிருக்கிறாள். முறையாகக் கூப்பிடச் சொல்லுங்கள் என்று அவர் போனை வைத்துவிட்டார்.

விஷயத்தைக் கேட்ட சோலைராஜ் படுக்கையிலேயே தலையில் அடித்துக்கொண்டார். "யாரை எப்படிக் கூப்பிட்டிருக்கீங்க! அவன் சிவகாசியில கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவன் டாக்டரம்மா. 'இப்பத்திரிகையையே நேரில் வந்து அழைத்ததாகப் பாவித்து'ன்னு போட்டிருந்தா அந்தக் கல்யாணத்துக்கே போகமாட்டான். பாவிக்கிறதாவது, நேர்ல வரட்டும்பான். விட்ருங்க. அவனைத் தொந்தரவு பண்ணாதீங்க." ஊசியின் ஆபத்து அவருக்கும் தெரிந்திருந்தது. விட்டுவிடுங்கள் என்று அவர் சொன்னது அழைத்த முறைக்காக இல்லை என்பது நப்பின்னைக்குப் புரிந்தது.

தானம் கேட்கப் போகும் மருத்துவர் வற்புறுத்தக் கூடாது, ஆசை காட்டக் கூடாது என்றெல்லாம் விதிகள் உண்டு. வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. நப்பின்னை கடைக்குப் போய் ஒரு தாம்பாளம் வாங்கினாள். என்ன விசேஷம் என்று கேட்ட கடைக்காரரிடம், ரத்தம் எடுக்கணும் என்றாள். அவர் மீதிச் சில்லறையை எட்ட இருந்தே கொடுத்தார்.

சிவகாசி அச்சகத்தில் சுவர் முழுக்க மாதிரிப் பத்திரிகைகள் தொங்கின. ஜெயசீலன் எழுந்து நின்று வரவேற்றார். தட்டை ஒரு பார்வை பார்த்தார்.

"ஒத்தைப் பழம் வைக்கக் கூடாது டாக்டர். ரெண்டா வைக்கணும்."

"எனக்குப் பழக்கமில்லை. மன்னிச்சுக்கோங்க. தட்டைத் தொடாதீங்க, முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க." ஊசியைப் பற்றியும், தூங்கும் நோயைப் பற்றியும், தனக்குத் தெரியாததைப் பற்றியும் ஒன்று விடாமல் சொன்னாள். "வேண்டாம்னு சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கு. சொன்னா நான் இந்தப் பழத்தைச் சாப்பிட்டுட்டு ஊருக்குப் போயிடுவேன். ஏன்னு யாரும் கேக்க மாட்டாங்க."

ஜெயசீலன் மேஜையில் கிடந்த காகிதங்களை அடுக்கினார். அடுக்கியதையே மறுபடி அடுக்கினார்.

"எங்க அக்கா ஏன் வரல? தம்பியைக் கூப்பிட அக்காதானே வரணும்?"

சொல்லலாமா என்று நப்பின்னை தயங்கினாள். சொன்னால் அதுவே வற்புறுத்தலாகிவிடும். ஆனால் பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "கேட்டா நீங்க மறுக்க மாட்டீங்களாம். அதனால கேக்க மாட்டேன்னுட்டாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். வெகுநேரம் துடைத்தார்.

"அவ வந்து கேட்டிருந்தா, எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கே, யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருப்பேன். வராம அங்க உக்காந்து அழுதுட்டிருப்பா. இதுக்கு மேல என்ன யோசிக்கறது?" இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார். பிறகு உள்ளே திரும்பி, "டாக்டருக்கு சாப்பாடு சொல்லுங்கப்பா" என்று குரல் கொடுத்தார்.

ஊசி போட்டார்கள், செல்லை எடுத்தார்கள், சோலைராஜின் நரம்பில் ஏற்றினார்கள். முதல் சில வாரங்கள் மோசமாகத்தான் இருந்தன. காய்ச்சல் வந்தது, வாயெல்லாம் புண். பிறகு லேசாக உடம்பு அரித்தது. "மாப்பிள்ளை உள்ள போயும் என்னைச் சொரண்டுறான்" என்று சோலைராஜ் சொன்ன அன்று, வார்டில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. புற்று மெல்ல மெல்லக் குறைந்து, ஒரு நாள் தேடினாலும் கிடைக்காமல் போனது.

ஆனால் ரத்த வங்கியிலிருந்து நப்பின்னைக்கு ஒரு புகார் வந்தது. சோலைராஜின் ரத்தம் ஓ பிரிவு. இப்போது சோதித்தால் பி பிரிவு என்று வருகிறது, யாரோ பாட்டிலை மாற்றி வைத்துவிட்டார்கள் என்றார்கள். நப்பின்னை தானே எடுத்துப் பார்த்தாள். பி பிரிவுதான். வேறு சோதனைகளும் செய்தாள். முடிவு வந்ததும் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

பி பிரிவு, ஜெயசீலனின் பிறவி ரத்தம். பதினைந்து வருடங்களுக்கு முன்பு முற்றாகத் துடைத்துவிட்டோம் என்று அவள் நினைத்த ரத்தம். துடைத்ததில் ஏதோ நாலைந்து நல்ல செல்கள் தப்பி, எந்தச் சோதனையிலும் சிக்காமல் எலும்பின் மூலையில் மச்சானின் செல்களுக்கு நடுவே இத்தனை காலம் ஓசைப்படாமல் குடியிருந்திருக்கின்றன. ஒரே வீட்டில் வாழ்ந்ததால் சோலைராஜின் செல் எப்படி இருக்கும் என்று அவற்றுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் அவர் உடம்போடு சண்டை போடவில்லை. ஊசியில் எழுந்து வந்து, மச்சானின் உடம்புக்குள் போய்ப் பெருகி, கெட்டுப் போனதை மட்டும் அடையாளம் கண்டு அடித்திருக்கின்றன. கட்டிக் கொடுத்த பெண்ணாவது, பிறந்த வீடாவது! நப்பின்னை ரசித்து ரசித்துக் கட்டிய கொள்கை அத்தனையும் தப்பு. சோலைராஜைக் காப்பாற்றியது சோலைராஜின் ரத்தமே இல்லை.

அந்தச் செல்களில் பழைய நோயின் சுவடு இருக்கிறதா என்று துருவித் துருவிப் பார்த்தாள். இல்லை. அடுத்த வாரம் ஜெயசீலன் தன் பரிசோதனைக்கு வந்தார். அவர் உடம்பிலும் எதுவும் எழுந்திருக்கவில்லை. அந்த நல்ல செய்தியைச் சொல்லிவிட்டு மற்றதையும் சொன்னாள்.

ஜெயசீலன் தன் புறங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "அப்ப எனக்குள்ள என்னோடதும் கொஞ்சம் இருந்திருக்கு" என்றார். அவர் சிரித்து நப்பின்னை அன்றுதான் பார்த்தாள்.

"மச்சான்கிட்ட சொல்லப் போறீங்களா?"

"சொல்லித்தான் ஆகணும். அவர் உடம்பு, அவருக்குத் தெரியணும்."

"சொல்லுங்க. ஆனா இது எனக்குத் தெரியும்னு மட்டும் சொல்லாதீங்க."

"ஏன்? இனிமே மைக்ல நீங்க பேசலாமே!"

அவர் தலையை ஆட்டினார். "எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, நான் வரும்போது அவர் எந்திரிச்சு நிப்பாரு டாக்டர். பதினஞ்சு வருஷமா அவரைப் பார்க்கும்போதெல்லாம் நான் மனசுக்குள்ள அப்படித்தான் எந்திரிச்சு நிக்கிறேன். உசிரு குடுத்த மனுஷன் முன்னாடி எப்படி உக்கார்றதுன்னே தெரியாது. அவர் கேலி பண்ணும்போதுதான் கொஞ்சமாவது உக்கார முடியும். அந்தக் கஷ்டம் அவருக்கு வேண்டாம்."

சோலைராஜ் வீட்டுக்குப் போகும் நாளில் நப்பின்னை அவரிடம் சொன்னாள். பேச்சை நிறுத்தத் தெரியாத அந்த மனிதர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜெயரூபா பைகளை எடுத்து வைப்பதை நிறுத்திவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"இது அவனுக்குத் தெரியுமா?" என்றார் கடைசியில்.

"அதை நான் சொல்லக் கூடாது."

"அப்ப தெரியும்." முகத்தைத் துண்டால் அழுந்தத் துடைத்துக்கொண்டார். "தெரிஞ்சும் வாயைத் திறக்கல பாருங்க. டாக்டரம்மா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவன்கிட்ட சொல்லிடாதீங்க. வழக்கம்போலவே இருக்கட்டும். நான் கேலியை நிறுத்தினா கண்டுபிடிச்சுடுவான். நிறுத்தக் கூடாது." துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, "எனக்கு வாய் வருமான்னுதான் தெரியல" என்றார்.

ஜெயசீலன் கார் சாவியோடு உள்ளே வந்தார். அக்காவின் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டு மச்சானைப் பார்த்தார். சோலைராஜ் எழுந்திருக்கப் போனார். போனவர், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"வாங்க மாப்பிள்ளை" என்றார். இத்தனை வருடங்களில் அவர் ஜெயசீலனை 'வாங்க' என்று சொன்னதில்லை. அது அவருக்கே உறைத்திருக்க வேண்டும். தொண்டையைக் கனைத்தார். "சிவகாசியிலிருந்து..." என்று ஆரம்பித்தார். குரல் உடைந்து நின்றுவிட்டது.

ஜெயசீலன் பையைக் கீழே வைத்தார். ஒரு நாற்காலியை இழுத்து மச்சானுக்கு எதிரே போட்டு, காலை நீட்டிச் சாவகாசமாக உட்கார்ந்தார்.

"ம், சொல்லுங்க மச்சான்" என்றார். "கேக்கத்தானே வந்திருக்கேன்."